பவேஷ் நந்தி ஏறிய படகு

தீஸ்தா ஆற்றில் கஜல்டோபா படகுத்துறைக்குப் போய், பவேஷ் நந்தி எப்படிப்பட்ட ஆள் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். தங்கமான மனிதர். வாய் அதிர்ந்து பேச மாட்டார். தலைவலி என்று சொன்னால் போதும், சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டுவார். இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஆனா அவரு வர்ற அன்னைக்கு மட்டும் நீங்க படகு எடுக்காதீங்க" என்பார்கள்.

காரணம், பவேஷ் நந்தி ஏறிய படகுக்கு முன்னால் எந்தப் பறவையும் நிற்காது. குளிர்காலத்தில் வடக்கே மலைகளைத் தாண்டி வந்து தீஸ்தாவின் மணல்திட்டுகளில் ஆயிரக்கணக்கில் இறங்குகிற வாத்துகள், இவர் படகு முந்நூறு அடியில் வரும்போதே கழுத்தைத் தூக்கும். இருநூறு அடியில் ஒன்றோடொன்று முணுமுணுக்கும். அதற்கு மேல் ஒரு அடி நெருங்கினால் மொத்தமாக எழுந்து போய்விடும். அதே வாத்துகள் மறுநாள் சிலிகுரியிலிருந்து வருகிற ஏதோ ஒரு வக்கீலின் காமிராவுக்கு எண்பது அடியில் உட்கார்ந்து, இறகு கோதி, பக்கவாட்டில் திரும்பி, எல்லாம் காட்டும்.

ராசியில்லாதவர் என்று ஒரு பேர் விழுந்துவிட்டால் அதைத் துடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பவேஷுக்கு அது விழுந்து ஏழு குளிர்காலம் ஆகியிருந்தது.

ஓத்லாபாடிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் அவர் கம்பவுண்டர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் தலையைக் காட்டுவார். மிச்ச நாளெல்லாம் பவேஷ்தான் டாக்டர், மருந்துக்காரர், ஊசி போடுபவர், குடும்பச் சண்டைக்குப் பஞ்சாயத்து. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ரிங்கி ஒரு காமிரா அனுப்பினாள். அப்பா கோயில் குளம் என்று போய் நாலு படம் எடுப்பார் என்பது அவள் நினைப்பு. அப்பாவோ மருந்தக ஜன்னலில் வந்து உட்காரும் கொண்டைக்குருவியைப் பிடித்துக்கொண்டார். வரிசையில் காய்ச்சலோடு நிற்பவர்களும் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் பொறுத்திருந்தார்கள். குருவி படத்தில் நன்றாக விழுந்துவிட்டால் அன்றைக்கு ஊசி மெதுவாக இறங்கும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

குருவியிலிருந்து ஆற்றுக்கு வந்தார். காமிராவுக்கு முன்னால் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வந்தது. சிலிகுரியிலுள்ள பறவைப்பட ஆர்வலர்களின் குழுவில் சேர்ந்தார். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கூட்டமாக கஜல்டோபாவுக்கு வருவார்கள். ஒரு படகுக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று பிரிந்து ஏறுவார்கள். முதல் ஞாயிறு பவேஷ் ஏறிய படகில் இருந்த மூன்று பேருக்கும் ஒரு வாத்தின் வால்கூடக் கிடைக்கவில்லை. மறு ஞாயிறும் அப்படியே. மூன்றாவது வாரம், எங்கோ சைபீரியாவிலிருந்து வழி தவறி வந்து பதினோரு நாளாக ஒரே இடத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஓர் அபூர்வ வாத்து, பவேஷ் துறையைவிட்டுக் கிளம்பிய கால்மணி நேரத்தில் பறந்து போயிற்று. அதைப் பார்க்கக் கல்கத்தாவிலிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்திருந்த இரண்டு பேர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பேர் அன்றைக்கு விழுந்ததுதான்.

அதற்குப் பிறகு குழுவின் வாட்ஸாப்பில் ஒரு வழக்கம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் யாராவது, "பவேஷ்தா, நாளைக்கு வர்றீங்களா?" என்று அண்ணன் முறை வைத்து ரொம்ப அன்பாகக் கேட்பார்கள். அவர், "வர்றேன்" என்று போட்டால் பேச்சு அப்படியே நின்றுபோகும். மறுநாள் பார்த்தால் பாதிப் பேர் ஜல்தாக்கா ஆற்றுக்குப் போயிருப்பார்கள். அந்த அன்புக்கு அர்த்தம் புரிய அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது. புரிந்த அன்றைக்கு மருந்தகத்தில் இருமல் மருந்தும் வயிற்றுவலி மருந்தும் மாறிப்போய், ஒரு கிழவர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

வெளியில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "நான் வந்தா காய்ச்சலே பறந்துடும், வாத்து எம்மாத்திரம்" என்று தானே சொல்லிச் சிரிப்பார். ஆனால் மூன்று பேர் உட்காரும் படகைத் தனியாக எடுத்து, நடுப்பலகையில் தனியாக உட்கார்ந்து போவது அவருக்கு வலித்தது. நல்ல படம் கிடைத்தால் பக்கத்தில் இருப்பவனின் தொடையைத் தட்டி, "பாத்தியா?" என்று கேட்பதில்தானே பாதிச் சந்தோஷம் இருக்கிறது. அவருக்குத் தட்டத் தொடையில்லை.

படகோட்டிகளில் அவரை ஏற்றிக்கொள்பவர் சுபல் பர்மன் ஒருத்தர்தான். ஒரு சமயம் சுபலின் உள்ளங்கையில் தூண்டில்முள் ஏறி, கை பூரி மாதிரி உப்பிவிட்டது. பவேஷ் படகிலேயே வைத்து அதை அறுத்தெடுத்துக் கட்டுப் போட்டார். அதிலிருந்து பவேஷ் கூப்பிட்டால் சுபல் மறுபேச்சே பேசுவதில்லை. மற்ற படகோட்டிகள் கேலி செய்தால், "ராசி கெட்டுப்போறதுக்கு என்கிட்ட என்னடா இருக்கு, ஓட்டைப் படகுதானே" என்பார்.

பரிகாரங்களுக்கும் குறைவில்லை. கிளம்பும்போது நெற்றியில் தயிர்ப் பொட்டு. படகில் வலது கால் முதலில். ஜல்பாய்குரி ஜோசியர் சொன்னபடி மோதிர விரலில் பவளம், அது சரிப்படாமல் நடுவிரலில் கோமேதகம். கோமேதகம் போட்ட வாரம் நீர்க்காகம்கூடப் பறந்து போயிற்று. நீர்க்காகம் லேசில் யாருக்காகவும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாத பறவை.

தயிர்ப் பொட்டு வைப்பது மனைவி ஷேபாலி. காமிராவில் அவளுக்கு ஈடுபாடில்லை, ஆற்றங்கரைக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. அவளுக்கு இருந்த கவலையெல்லாம் கணவரின் நெஞ்சைப் பற்றித்தான். குளிர் நெஞ்சில் ஏறிவிடும் என்கிற பயம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பிறவியிலேயே உண்டு. துர்கா பூஜைப் பந்தலைப் பிரித்து முடிப்பதற்குள் டிரங்குப்பெட்டியிலிருந்து குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் வெளியே வந்துவிடும். அதில் கம்பவுண்டர் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். ஷேபாலி நன்றாகப் பின்னுவாள். முதலில் சாம்பல் நிறத்தில்தான் பின்னிக் கொடுத்தாள்.

பவேஷ் ஆற்றுக்குப் போக ஆரம்பித்த புதிதில், விடியற்காலை மூடுபனியில் காட்டுப்பாதையில் ஸ்கூட்டரில் போகும்போது தேயிலை லாரி ஒன்று உரசிப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. அடி ஒன்றுமில்லை. லாரிக்காரன் ஓடி வந்து தூக்கி நிறுத்தி, "தெரியவே இல்ல பாபு, நீங்க பனியோட பனியா இருந்தீங்க" என்று அழாத குறையாகச் சொன்னான். அதைப் பவேஷ் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். ஷேபாலி சிரிக்கவில்லை. மறுநாளே மால்பஜார் போய், டார்ஜீலிங் ஆரஞ்சுப் பழத்தின் நிறத்தில் கம்பளி நூல் வாங்கி வந்தாள். உச்சியில் பெரிய குஞ்சம் வைத்துக் குல்லா; இரண்டு முனையிலும் தொங்கல் வைத்து ஆறடிக்கு மஃப்ளர்.

"கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றார் பவேஷ்.

"தூக்கலாத்தான் இருக்கணும். எதுக்க வர்ற லாரிக்காரனுக்கு நீங்க தெரியணும். தெரியலைன்னா நான் யாருக்குச் சோறாக்கிப் போடறது?"

பவேஷ் குல்லாவை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு வருஷமும் சாயம் மங்கிவிட்டது என்று புதிதாகப் பின்னினாள். ஒவ்வொரு வருஷமும் முந்தின வருஷத்தைவிடக் கண்ணைப் பறிக்கும் நூலாகத் தேடிப் பிடித்தாள். அவர் அதைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். மஃப்ளர் முனைகள் காற்றில் படபடக்க, குஞ்சம் ஆட, படகின் நடுவில் உட்கார்ந்து வாத்துகளை நோக்கிப் போனார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாது. மஃப்ளர் இல்லாமல் ஒருத்தன் போனால்தான் நாங்கள் திரும்பிப் பார்ப்போம். கட்டியிருக்கிறவனைப் பார்க்க என்ன இருக்கிறது? அவன் மூக்கோடு பிறந்த மாதிரி மஃப்ளரோடும் பிறந்தவன்தானே.

ஏழாவது குளிர்காலத்திலும் ஆற்றில் ரம்பமூக்கு வாத்துகள் வந்திருந்தன. மலை ஆறுகளில் வேகமான தண்ணீரில் முழுகி மீன் பிடிக்கிற வாத்து அது. அலகின் ஓரமெல்லாம் ரம்பப் பல், பிடித்த மீன் நழுவாது. ஆணுக்கு உடம்பு வெள்ளை வெளேரென்று இருக்கும், தலை பச்சை மினுங்கும் கறுப்பு, அலகு சிவப்பு. பெண்ணுக்குச் செம்பட்டைத் தலை. தூங்கி எழுந்து சீவாத மாதிரி பிடரியில் முடி சிலிர்த்திருக்கும். குழுவில் எல்லோரிடமும் அதன் படம் இருந்தது. சோம் பாபுவிடம் நாற்பது இருந்தது. சோம் பாபு என்றால் தீபங்கர் சோம், சிலிகுரியில் வங்கி அதிகாரி, குழுவில் வாய் நீளமானவர், "ஜல்தாக்காவுக்குப் போயிடலாமா?" என்று முதலில் கேட்பவர் அவர்தான். பவேஷிடம் ஒன்றுகூட இல்லை. ஏழு வருஷத்தில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் தூரத்தில் எட்டு வெள்ளைப் புள்ளி.

குளிர் உச்சத்திலிருக்கும் மாக மாதம் பாதி போன பிறகு ஒரு சனிக்கிழமை, அவர் குழுவில் நீளமாக ஒன்று எழுதினார். இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் பறவைகள் திரும்பிவிடும்; நாளைக்கு ஒருநாள் வந்து பார்க்கப்போகிறேன்; ரம்பமூக்கு வாத்து நின்று ஒரு படம் கொடுத்தால் சரி, இல்லாவிட்டால் லென்ஸை விற்றுவிடுகிறேன்; இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் நிம்மதியாக வரலாம். கோபமில்லாமல் எழுதியிருந்தார். அதுதான் படித்தவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. சோம் பாபு மட்டும் ஒரு கும்பிடு போட்டார். அது என்ன கும்பிடு என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு நாலரைக்குப் பவேஷ் எழுந்தபோது குல்லாவும் மஃப்ளரும் ஈரமாகக் கொடியில் தொங்கின. முந்தின நாள் ஷேபாலி துவைத்துப் போட்டிருந்தாள், பனியில் காயவில்லை. அவள் அயர்ந்து தூங்கினாள். எழுப்பினால் இந்தக் குளிரில் வெறுந்தலையோடு போக விடமாட்டாள். கடைசி நாள் போய்விடும். தயிரைத் தானே தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, பழைய பழுப்புக் கோட்டை மாட்டி, திருடன் மாதிரி ஸ்கூட்டரைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்பினார். வழியெல்லாம் லாரி விளக்கைக் கண்டால் ஓரமாக நிறுத்தி, அது போன பிறகு நகர்ந்தார்.

துறையில் சுபல் அவரைப் பார்த்ததும் பதறிப்போனார். "பாபு, தலையில ஒண்ணையும் காணோமே?"

"காயலை சுபல்."

"மாக மாசத்துக் காத்து பாபு. காது வழியாப் போயி நெஞ்சுல உக்காந்துக்கும். வீட்டுல இருக்கிற பௌதிக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று படகின் அடியில் கிடந்த கோணி நிறத்துப் போர்வையை உதறி அவர் தலையோடு சேர்த்துப் போர்த்திவிட்டார். "மீன் வாடை அடிக்கும்."

"அடிக்கட்டும். கிளம்பு."

மற்ற படகுகள் முன்னாலேயே போயிருந்தன. சோம் பாபுவும் இன்னும் நாலு படகுக்காரர்களும், பவேஷ் எந்தப் பக்கம் போவார் என்று கணக்குப் போட்டு எதிர்ப்பக்கத்து வாய்க்காலில் ஒதுங்கியிருந்தார்கள். சுபல் கழியை ஊன்றி, சத்தமில்லாமல் படகை நீரோட்டத்துக்கு எதிராகத் தள்ளிக்கொண்டு போனார். மேலே, வடக்கே போய் ஒரு மணல்திட்டின் தலைப்பில் நிறுத்தினால் தெற்கே துறை வரைக்கும் ஆறு கண்ணுக்குத் தெரியும்.

போகும் வழியிலேயே ஏதோ சரியில்லை என்று பவேஷுக்குத் தோன்றியது. ஆற்று ஆள்காட்டி ஒன்று மணலில் நின்றுகொண்டிருந்தது. எப்போதும் இவரைப் பார்த்ததும் ஊரைக் கூட்டுகிற பறவை, இன்றைக்கு ஒற்றைக்காலில் நின்றபடி கண்ணை மூடித் திறந்தது. சக்கரவாக வாத்துகள் ஒரு பதினைந்து, படகு பக்கத்தில் போகும்போது கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டுவிட்டு மறுபடி மேய்ந்தன. பவேஷின் நெற்றி சுருங்கியது. முப்பத்தொரு வருஷம் நோயாளிகளைப் பார்த்தவர் அல்லவா.

"சுபல், இதுங்களுக்கு ஏதோ சீக்கு."

"என்ன பாபு சொல்றீங்க?"

"எந்திரிக்கவே மாட்டேங்குது பாரு. பறவைக்காய்ச்சலா இருக்கும். இறங்கினதும் தகவல் சொல்லணும். நீ எதையும் கையால தொடாதே."

சுபல் கழியை நிறுத்தி வாத்துகளைப் பார்த்தார். "சீக்கு வந்தது இந்தத் தீனி திங்குமா பாபு? என்னைவிட நல்லாத்தான் இருக்குதுங்க."

திட்டின் தலைப்பில் படகை நிறுத்திக் காத்திருந்தார்கள். பனி மெல்ல விலகியது. பவேஷின் காது மடல் மரத்துப்போனது. நெஞ்சில் குளிர் ஏறுகிறதா என்று ஒரு தடவை இருமிப் பார்த்தார், ஏறவில்லை. எட்டேகால் இருக்கும். தெற்கிலிருந்து, நீரோட்டத்தை எதிர்த்து, ஏழு ரம்பமூக்கு வாத்துகள் முழுகி முழுகி மேலே வந்தன. மூன்று ஆண், நாலு பெண். இருநூறு அடி. அவர் மூச்சைப் பிடித்தார். அவை முழுகின, எழுந்தன. நூற்றைம்பது. எழுந்து போகவில்லை. ஒரு ஆண் ஒரு வெள்ளி மீனைக் கவ்விக்கொண்டு வந்து, தலையை ஆட்டி விழுங்கியது. பவேஷ் காமிராவைக் கண்ணுக்கு வைத்தார். அந்த ஆணைக் கட்டத்துக்குள் கொண்டுவந்தார்.

"இன்னும் வரும், பொறுங்க" என்று சுபல் உதட்டை அசைக்காமல் சொன்னார்.

நூறு அடி. வாழ்க்கையில் முதல் தடவையாக, பவேஷ் நந்தி ஒரு ரம்பமூக்கு வாத்தின் கண்ணைப் பார்த்தார். விரல் பொத்தானில் போய் அமர்ந்தது.

"என்னாங்க..."

தண்ணீர் மேல் அந்தக் குரல் தெள்ளத்தெளிவாக வந்தது. முப்பது வருஷமாகக் கேட்கிற குரல். தெற்கே துறையின் ஓரத்தில், வாத்துகளுக்கு அந்தப் பக்கம், ஷேபாலி நின்றுகொண்டிருந்தாள். காலையில் எழுந்து கொடியைப் பார்த்தவள் திகைத்து, ஈரத்தை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துக் காயவைத்து, லூச்சிப் பூரியும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். கணவர் தூரத்தில் படகில் இருப்பதைப் பார்த்ததும், கையில் இருந்ததை உயரத் தூக்கி, தலைக்கு மேல் சுழற்றிச் சுழற்றிக் காட்டினாள். ஆறடி ஆரஞ்சு மஃப்ளர் காலை வெயிலில் தீப்பிடித்த மாதிரி எரிந்தது.

தீஸ்தா மொத்தமும் எழுந்தது. சக்கரவாகம், வரித்தலை வாத்து, ஆள்காட்டி, நீர்க்காகம், பேர் தெரிந்தது தெரியாதது எல்லாம் ஒரே இரைச்சலாகக் கிளம்பின. ஏழு ரம்பமூக்கும் தண்ணீரைக் காலால் அடித்துக்கொண்டு ஓடி எழுந்தன. பவேஷ் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்: போயிற்று, கடைசி நாளும் போயிற்று.

ஆனால் அவை வேறெங்கும் போகவில்லை. பயம் தெற்கே கரையில் நின்றது, காற்று வடக்கிலிருந்து அடித்தது. ஏழும் பயத்துக்கு முதுகைக் காட்டிக் காற்றை எதிர்த்து நேராகப் படகை நோக்கியே வந்தன. ஏழு வருஷமாக வால்களையே பார்த்துப் பழகிய மனிதருக்கு முன்னால் ஏழு முகங்கள் வந்தன. பவேஷ் யோசிக்கவில்லை. பறந்து ஓடுகிற பறவையைப் படம் பிடிக்க அவரைவிடப் பழகியவர் அந்த ஆற்றில் யாரும் இல்லை. இத்தனை நாள் அவை வேறு பக்கம் பறந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான். பொத்தானை அமுக்கிய விரலை எடுக்கவே இல்லை. சிறகுக் காற்று மேலே பட, அவை படகைத் தாண்டிப் போயின.

சத்தம் அடங்க நேரமாயிற்று. சுபல் கரையிலிருக்கிற துணியைப் பார்த்தார். பவேஷின் தலையில் இருக்கிற கோணி நிறத்துப் போர்வையைப் பார்த்தார். மறுபடி துணியைப் பார்த்தார். கழியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பாபு."

"என்ன?"

"ஏழு வருஷமா அது உங்க தலையிலதான் இருந்துச்சு."

பவேஷுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, படகு ஆடியது, சுபல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு காமிராவின் சின்னத் திரையைப் பார்க்கப் பயந்துகொண்டே பார்த்தார். சிவப்பு அலகு, விரிந்த இரண்டு சிறகு, காலிலிருந்து சொட்டுகிற தண்ணீர், நேராக இவரைப் பார்க்கிற ஒரு கண். ஒரு முடி பிசகவில்லை. பவேஷ் அழுதார். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் படகின் நடுவில் உட்கார்ந்து, மீன் வாடைப் போர்வையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சந்தோஷம் தாங்காமல் அழுதார்.

அழுது முடித்ததும் அவர் முதலில் சொன்னது, "சுபல், அவகிட்ட சொல்லிடாதே" என்பதுதான்.

"நான் எதுக்குச் சொல்றேன் பாபு."

சுபல் சொல்லவில்லை. கரைக்கு அவர்கள் வந்து சேர்ந்த அதே நேரத்துக்கு எதிர்ப்பக்கத்துப் படகுகளும் வந்தன. அவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கு நல்ல வேட்டை; காலையிலிருந்து தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்த வாத்துகள் மொத்தமாக அவர்கள் தலைக்கு மேல் பறந்திருந்தன. சோம் பாபு படகு நிற்பதற்குள் முழங்கால் தண்ணீரில் குதித்தார்.

"பவேஷ்தா, குத்தம் உங்க மேல இல்ல. அந்தத் துணி மேல. நாங்க எல்லாரும் அங்கிருந்து பாத்தோம். ஏழு வருஷமா மனுஷனைத் திட்டினோம், குல்லாவை ஒருத்தனும் பாக்கலை. நானும் பாக்கலை. எனக்கு வெக்கமா இருக்கு."

ஷேபாலியின் கை மஃப்ளரோடு கீழே இறங்கியது. அவள் கெட்டிக்காரி, இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. மணலில் அப்படியே உட்கார்ந்தாள்.

"அப்ப நான்தானா? வருஷா வருஷம் உக்காந்து உக்காந்து நான்தான் பின்னினேனா?"

எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். சோம் பாபு தன் நாக்கைக் கடித்துக்கொண்டார். பவேஷ் போய் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"ஷேபாலி, இந்த ஏழு வருஷத்துல எந்த லாரியாவது என் மேல உரசிச்சா?"

"இல்ல."

"அவ்வளவு தூரத்துல இருக்கிற வாத்துக்கே நான் தெரிஞ்சிருக்கேன். லாரிக்காரனுக்குத் தெரியாமப் போவேனா? நான் தினம் வீடு வந்து சேந்தது இதாலதான்."

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். சமாதானத்துக்குச் சொல்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று பார்த்தாள். நிஜம்தான். மெல்ல அவள் வாயோரம் கோணியது. "அந்த ஜோசியன்கிட்ட கோமேதகத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றாள். முதலில் சுபல்தான் சிரித்தார். பிறகு மொத்தத் துறையும் சிரித்தது. லூச்சிப் பொட்டலம் பிரிந்தது, உருளைக்கிழங்கு ஆளுக்கு ஒரு வாய்கூட வரவில்லை. ரம்பமூக்கின் படம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. சோம் பாபு அதை ரொம்ப நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, தன்னிடம் இருக்கிற நாற்பதில் ஒன்றுகூட இதற்குப் பக்கத்தில் நிற்காது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது சொத்தை எழுதி வைத்ததற்குச் சமம்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பறந்துபோனவை மேற்குத் திட்டில் இறங்க ஆரம்பித்திருந்தன. எல்லோரும் மறுபடி படகுகளுக்குக் கிளம்பினார்கள். சோம் பாபு தன் படகில் ஏறி, நடுப்பலகையைக் கையால் துடைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "பவேஷ்தா, என் படகுல ஒரு இடம் இருக்கு. வாங்களேன்" என்றார்.

துறையில் எல்லோர் காதிலும் அது விழுந்தது. படகோட்டிகள்கூடக் கழியை நிறுத்திப் பார்த்தார்கள். இந்த ஒரு வார்த்தைக்காக பவேஷ் ஏழு குளிர்காலம் காத்திருந்தார். எத்தனையோ ஞாயிறு ஸ்கூட்டரில் வரும்போது, யாராவது இப்படிக் கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது என்றுகூட வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

திரும்பிப் பார்த்தார். ஷேபாலி சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, மஃப்ளரைப் பந்தாகச் சுருட்டி சாப்பாட்டுப் பையின் அடியில் திணித்துவிட்டு, எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று சுபலிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். சுபல், எந்தக் காலாக இருந்தாலும் பரவாயில்லை பௌதி, ஆற்றில் விழாமல் வைத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு இடம் பத்தாது சோம் பாபு" என்றார் பவேஷ். "நாங்க ரெண்டு பேரு."

மீன் வாடைப் போர்வையை அவளுக்கும் சேர்த்துப் போர்த்தினார். சுபல் கழியை ஊன்றினார். படகு பத்தடிகூடப் போகவில்லை, ஷேபாலி அவர் தொடையில் ஓங்கித் தட்டி, "அதோ, அது என்ன பறவைங்க?" என்று கேட்டாள்.